சரிவும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும்

கண்மாய்க் கரையின் உட்சரிவில் தண்ணீரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். பந்து என் பாதங்களுக்கு ஒரு சாண் தாழ்வாக, செம்மண் சரளைக்கும் காய்ந்த அறுகுக்கும் நடுவில் கிடந்தது. மாசி வெயில் பிடரியில் சுட்டது. கீழேயிருந்து பாசி வாடை ஏறி வந்தது.

மேலே, கரைமேல் போகும் வண்டிப்பாதையில் எங்கள் கிளப் செக்ரட்டரி நாகராஜன் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் தரையில் விரித்தார். நான்கு மூலையையும் நீவிவிட்டார். மாப்பிள்ளைக்கு இலை போடுகிறவர்கள்கூட அவ்வளவு பதவிசாகப் போடமாட்டார்கள்.

“மிஸஸ் ராமலிங்கம், பந்தை எடுத்து இங்கிட்டு வச்சு அடிங்க. தரை சமமா இருக்கு.”

“கைக்குட்டைய எடுங்க ஐயா,” என்றேன்.

“ஒங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்.”

“தெரியும். எடுங்க.”

அவர் எடுக்கவில்லை. என் கணவர் எனக்கும் அவருக்கும் நடுவில், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த ஒரு துண்டுத் துணிக்காக நான் ஏன் அவ்வளவு முறைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பொட்டலில் ஒரு விளையாட்டு

சமஸ்தானம் போய், ஊர் இந்தியாவோடு சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவர் ராமலிங்கம் கண்மாய் மராமத்து பார்க்கும் ஜூனியர் இன்ஜினியர். கீரனூரில் வேலை. நான் குளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருச்சிக்குப் பஸ்ஸில் போய்வந்து காலேஜ் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு பெட்டிக்குள் போய்விட்டது. வாய் மட்டும் வெளியே இருந்தது.

கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற வழியில், உள்ளே ஒதுங்கி, உத்தியோகஸ்தர்களின் கிளப் இருந்தது. ஓட்டுக் கட்டடம். பின்னால் ஒரு பொட்டல், ஒரு கண்மாய், ஒரு மொட்டைப் பாறை. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கோல்ஃப் மைதானம் என்று சொல்லிக்கொண்டார்கள். புல் என்று பெயருக்குக்கூடக் கிடையாது. குழி இருக்கும் இடத்தில் மணலையும் பழைய இன்ஜின் எண்ணெயையும் குழைத்து வட்டமாக உருட்டிவிட்டிருப்பார்கள். அதற்கு ‘பிரவுன்’ என்று பெயர். விளையாடிவிட்டு வந்தால் புடவைக் கரையில் லாரி வாடை அடிக்கும்.

கோல்ஃப் பார்த்தேயிராதவர்களுக்காக இரண்டு வரி. நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய கெட்டிப் பந்து. நுனியில் இரும்பு வைத்த மட்டை. எட்டத்தில் கொடி நட்ட குழிக்குள், எத்தனை குறைந்த அடியில் பந்தைப் போடுகிறோமோ அத்தனை கெட்டிக்காரர்கள். பந்து எங்கே விழுந்ததோ, அங்கே கிடக்கிறபடியே அடிக்க வேண்டும். மேடோ பள்ளமோ, தொடக்கூடாது. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் அது விளையாட்டே இல்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் குழியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆனால் எங்கள் கிளப்பில் பெண்களுக்கு ஒரு சலுகை வைத்திருந்தார்கள். பெண் அடிக்க வேண்டிய பந்து சரிவில் கிடந்தால், பக்கத்தில் சமதரை பார்த்து ஓர் ஆண் கைக்குட்டை விரிப்பார். பந்தை எடுத்து அதன்மேல் வைத்து அடிக்கலாம். புடவை தடுக்கிச் சரிவில் உருண்டுவிடுவோமாம். குளத்தூரில் எங்கள் வீட்டுப் பெண்கள் தலையில் நாற்றுக் கட்டும் இடுப்பில் பிள்ளையுமாக எத்தனை கரை ஏறி இறங்கினார்கள், அவர்களுக்கு யார் கைக்குட்டை விரித்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆரம்பத்தில் கேட்கவில்லை. புது மருமகள் மாதிரி பேசாமல் இருந்தேன்.

கேட்க வைத்தது ஒரு பலகை.

ஏணிப்படி மாதிரி ஒரே பெயர்

கிளப் கூடத்தில் தேக்குப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஜோடிப் போட்டியில் ஜெயித்தவர்களின் பெயரை மஞ்சள் பெயிண்டில் எழுதுவார்கள். ஜோடி என்றால் ஓர் ஆண், ஒரு பெண். இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஆண் ஒரு அடி, பெண் ஒரு அடி என்று மாறி மாறி அடிக்க வேண்டும். குடும்பம் நடத்துவதும் ஏறக்குறைய அதுதான். அவர் கொண்டுபோய்ப் போட்ட இடத்திலிருந்து நாம் எடுத்துவிட வேண்டும்.

பலகையில் நாகராஜன், நாகராஜன், நாகராஜன் என்று ஒரே பெயர் மேலிருந்து கீழே ஏணிப்படி மாதிரி இறங்கியது. அவருக்கு ஜோடியாக ஆடியவர் டாக்டர் வீட்டு கமலா அம்மாள். செக்ரட்டரியின் மனைவிக்கு மைதானம் பக்கமே வரப் பிடிக்காது. கமலா அம்மாள் நல்ல தெம்பான ஆள், தூரமாக அடிப்பார். அவர் பெயர் பலகையில் ஒரு மூலையில்கூட இல்லை.

“ஒங்க பேரு எங்கங்க?” என்று கேட்டேன்.

“கைக்குட்டை வாங்கிக்கிட்டோம்ல. சலுகை எடுத்த ஜோடி ஜெயிச்சா ஆம்பள பேரு மட்டுந்தான் போடுவாங்க. அது ரூல்.”

“சலுகை எடுக்காட்டி?”

“யாரு எடுக்காம இருந்திருக்கா?” என்று சிரித்தார். பிறகு அவரே சிரிப்பை நிறுத்திக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தார். அன்றுதான் அவரும் அதை முதல்முறையாகப் படித்தார் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் பலகாரத்தைக் கொடுத்து வாசலில் உட்கார வைக்கிற வித்தை இது. அன்று வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் சொன்னேன். அந்தப் பலகையில் என் பெயர் ஏறும், கைக்குட்டை இல்லாமல் ஏறும் என்று. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “ரசம் ஊத்து,” என்றார்.

வெளிக்கரையில் படித்த பாடம்

இந்த இடத்தில் ஆண்களுக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். மனமாரச் சொல்கிறேன்.

சாயங்காலம் பழகுவதற்குப் பொட்டலின் சமதரை முழுவதும் அவர்களுக்கு. பெண்கள் பழக வேண்டுமானால் கண்மாய்க் கரையின் வெளிச்சரிவுக்குப் போக வேண்டும். அங்கே உட்கார ஒரு வேப்பமரம் இருந்தது. பெண்கள் பந்தை நாலு தட்டுத் தட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும் என்பது ஏற்பாடு. சரிவு ஆகாது என்று கைக்குட்டை விரித்தவர்களே, பழகிக்கொள்ள எங்களைச் சரிவுக்கு அனுப்பினார்கள். இந்த யோசனையைச் சொன்ன மகராசன் யாரென்று தெரியவில்லை.

நான் நிழலில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நடவுக்கு இறங்குகிறவர்கள் மாதிரி புடவையை வரிந்து கட்டிக்கொண்டேன்.

முதலில் ஒரு எழவும் வரவில்லை. பந்தை விட்டுவிட்டு மண்ணைக் கொத்தினேன். மணிக்கட்டு வீங்கி, வேப்பெண்ணெய் காய்ச்சிப் போட்டேன். ஆத்தா குளத்தூரிலிருந்து பார்க்க வந்தவள், கரையில் நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, “என்னடி இது, பாம்பு அடிக்கப் போறவ கணக்கா நிக்கிற. மாப்பிள்ளை பாத்தா என்ன நெனப்பாரு?” என்றாள். மாப்பிள்ளை அந்த நேரம் சமதரையில் காற்றை அடித்துக்கொண்டிருந்தார்.

அடித்து அடித்துத்தான் விளங்கியது. மேலே ஏறுகிற சரிவிலிருந்து அடித்தால் பந்து வானத்துக்குப் போய்த் தொப்பென்று கிட்டேயே விழும். அதற்குப் படுத்த முகம் உள்ள மட்டை ஆகாது, நிமிர்ந்த முகம் உள்ளதை எடுக்க வேண்டும். இறக்கத்தில் நேர்மாறு. பந்து தாழப் பறந்து, விழுந்த பிறகும் நிற்காமல் ஓடும்.

பக்கச் சரிவுதான் பொல்லாதது. காலுக்குத் தாழ்வாகப் பந்து கிடந்தால், குழியைப் பார்த்து எவ்வளவு நேராக அடித்தாலும், தரை எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கமே பந்து ஒதுங்கிப் போகும். அதனால் குழியைப் பார்க்கவே கூடாது. அதைவிட மேட்டுப் பக்கமாக வேறொன்றைக் குறி வைக்க வேண்டும். முழங்காலை நன்றாக மடித்து, மட்டைப் பிடியின் மேல்கடைசியைப் பிடித்து, ஆங்காரம் இல்லாமல் முக்கால் வீச்சு வீச வேண்டும். முழு வீச்சு வீசினால் தானும் சேர்ந்து உருள வேண்டியதுதான். ஆங்காரம் இல்லாமல் என்பதுதான் எனக்கு வரக் கடினமாக இருந்தது.

வெறுங்கால் உதவியது. செம்பூரான் கல்லின் சரளையில் கால்விரல்கள் ஊன்றிப் பிடிக்கும். தோல் ஷூ வழுக்கும்.

காலும் ஒரு மட்டைதான்

அப்படியானால் ஆண்கள் சரிவில் எப்படித்தான் அடித்தார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிறகு கவனித்தேன்.

அவர்கள் அடிக்கவே இல்லை. பந்து சரிவில் கிடந்தால் பக்கத்தில் போவார்கள். தொண்டையைச் செருமுவார்கள். தூரத்துப் பாறையில் ஏதோ பறவை உட்கார்ந்திருப்பதுபோல எல்லோரும் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஷூ நுனி ஒரு தடவை அசையும். பந்து சமதரையில் இருக்கும். இவர் அவருக்குத் திரும்பிக்கொள்வார், அவர் இவருக்கு. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அதனால் அது சலுகையும் இல்லை. பலகையில் பெயர் ஜோராக ஏறும்.

என் கணவரும் திரும்பிக்கொள்கிறவர்தான்.

“இது களவில்லையா?” என்றேன் ஒருநாள்.

“சமஸ்தானத்துலேர்ந்து இருக்க வழக்கம், அழகு. பெரிய மனுசங்களைப் போயி இதெல்லாம் கேக்க முடியுமா?” என்றார். என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்குவார்.

கேட்க முடியாதுதான். செய்து காட்டலாம் அல்லவா.

கொடி ஒரு பக்கம், குறி ஒரு பக்கம்

அந்த மாசி மாதப் போட்டியில் கடைசி ஆட்டம் எங்கள் இருவருக்கும், செக்ரட்டரி - கமலா அம்மாள் ஜோடிக்கும். கடைசிக் குழி வரைக்கும் சமமாக வந்துவிட்டோம். அதுவரை நான் அடிக்க வேண்டிய பந்து ஒன்றும் சரிவில் விழவில்லை. கடைசிக் குழி கண்மாய்க் கரையை ஒட்டி நேராக ஓடி, கரை முடிகிற இடத்தில் பாறை ஓரமாக இருந்தது.

முதல் அடி என் கணவருடையது. பதற்றத்தில் அடித்தார். பந்து கரைமேல் விழுந்து, துள்ளி, உட்சரிவில் இறங்கி நின்றது. அடுத்தவர் கமலா அம்மாள். அவர் அடித்ததும் அதே சரிவில், எங்கள் பந்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போய் நின்றது. குழிக்கு அதிகத் தொலைவில் இருப்பவர் முதலில் அடிக்க வேண்டும். அது நான்.

அப்போதுதான் செக்ரட்டரி கைக்குட்டையை விரித்தார்.

என் கணவர் சரிவில் இரண்டு எட்டு இறங்கி என் காதோரம் வந்தார். சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“அழகு, ஒரு தடவ வாங்கிக்கிரு. அதுல வச்சு அடிச்சீன்னா கண்டிப்பா ஜெயிச்சிருவோம்.”

“ஜெயிச்சா யாரு பேரு ஏறும்?”

அவர் கண்மாய்த் தண்ணீரைப் பார்த்தார்.

“எந்தப் போட்டிலயும் எம் பேரு வந்ததே இல்ல, அழகு,” என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிந்தது. எனக்கும் அதே ஆசைதானே.

“எம் பேரும்தான் வந்ததில்ல. தள்ளிக்கங்க.”

செக்ரட்டரி மேலேயிருந்து, “பந்து தண்ணிக்குள்ள போச்சுன்னா ஒரு அடி தண்டம், பாத்துக்கங்க,” என்றார்.

செருப்பை அப்போதே கழற்றியிருந்தேன். விரல்களைச் சரளைக்குள் அழுத்தினேன். முழங்காலை மடித்து உட்கார்வதுபோல் நின்றேன். கொடி எனக்கு இடப்பக்கம் நேராகத் தெரிந்தது. அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கரை உச்சியில், கொடிக்கு வெகுவாக மேட்டுப்புறம் நின்ற ஒற்றைப் பனையைக் குறி வைத்தேன்.

“அழகு, கொடி அங்கிட்டு இருக்கு,” என்றார் என் கணவர்.

பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இந்தப் பந்து தண்ணீரில் விழுந்தால், அந்தக் கைக்குட்டையை இனி எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. முக்கால் வீச்சு வீசினேன்.

பந்து பனையைப் பார்த்தே கிளம்பியது. பாதி வழியில் சரிவு அதைத் தன் பக்கம் இழுத்தது. வளைந்து இறங்கி, பிரவுனின் ஓரத்தில் விழுந்து, எண்ணெய் மணலில் கொஞ்சம் உருண்டு நின்றது. கமலா அம்மாள், “ஆத்தாடி,” என்றார்.

அடுத்தது செக்ரட்டரியின் அடி. நடந்து போய்த் தம் பந்தருகில் நின்றார். தொண்டையைச் செருமினார். என் கணவர் பழக்க தோஷத்தில் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷூ நுனி மெல்லக் கிளம்பியது.

நான் கரைமேல் ஏறி அந்தக் கைக்குட்டையை எடுத்தேன். புழுதியை உதறினேன். அவர் பந்துக்கு நேர் மேலே, வண்டிப்பாதையில் விரித்தேன். நான்கு மூலையையும் நீவிவிட்டேன்.

“இங்கிட்டு வச்சு அடிங்க ஐயா. தரை சமமா இருக்கு.”

அவர் ஷூ அந்தரத்தில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். காது சிவந்து, காலைக் கீழே வைத்தார்.

“தேவையில்ல,” என்றார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கோழை இல்லை. அந்தச் சரிவில் நின்று அடிக்கத்தான் செய்தார். ஆனால் அவர் வாழ்நாளில் சரிவிலிருந்து அடித்த முதல் அடி அதுவாகத்தான் இருக்க வேண்டும். கொடியை நேராகப் பார்த்து முழு வீச்சு வீசினார். தோல் ஷூ வழுக்கியது. பந்து நேராகக் கிளம்பி, கீழ்ப்பக்கமாக ஒதுங்கி, கண்மாய்க்குள் ‘களக்’ என்று விழுந்தது. கொக்கு ஒன்று எழுந்து பறந்தது. கமலா அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. தண்ணீரில் போனது அவருடைய பந்தும்தான்.

தண்டத்தோடு அவர்கள் தட்டுத்தடுமாறிக் குழிக்கு வந்து சேர்ந்தார்கள். என் கணவர் தன் அடியைப் பயந்து பயந்து தட்டினார். பந்து குழிக்குக் கையகலம் முன்னால் நின்றுவிட்டது. மிச்சத்தை நான் தட்டி உள்ளே விட்டேன். ஜெயித்தோம்.

செக்ரட்டரி கண்ணியமாகக் கைகூப்பினார். “ரூல் ரூல்தான். ரெண்டு பேர் பேரும் பலகையில ஏறும்,” என்றார். கைக்குட்டையை மறந்துவிட்டுப் போனார். நான் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பெயிண்ட் காயுமுன்

அடுத்த வாரம் கிளப்புக்குப் போனோம். பெயர் எழுதுகிறவர் முக்காலியில் இருந்து அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார். பெயிண்ட் வாடை கூடம் முழுவதும் அடித்தது. பலகையைப் பார்த்தேன்.

‘திரு. & திருமதி எஸ். ராமலிங்கம்.’

“இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டேன்.

செக்ரட்டரி உண்மையாகவே புரியாமல் விழித்தார். “திருமதின்னு போட்டிருக்கேம்மா. அது நீங்கதான?”

“அது இவுக பொஞ்சாதிங்க. சரிவுல நின்னு அடிச்சது அழகம்மா.”

“பலகைக்குன்னு ஒரு முறை இருக்கும்மா. அழகம்மா, கிழகம்மான்னு எல்லாம் எழுதினா…”

“கிழகம்மா வேணாம். அழகம்மா மட்டும் போதும்.”

கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். என் கணவர் ஏதாவது சொல்லி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். வழக்கமாக அப்படித்தான் செய்வார். எழுதியிருந்ததில் அவருடைய ஆசை முழுசாக நிறைவேறியிருந்தது. வெளியே போவதில் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அவர் நேராகப் போய் முக்காலியைப் பலகைக்குக் கீழே இழுத்துப் போட்டார். குனிந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார்.

“ஆடாது. ஏறு,” என்றார்.

ஏறினேன். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். பெயிண்ட் ஈரம் காயவில்லை. ‘திருமதி’ ஒரே இழுப்பில் வந்துவிட்டது. தேக்கில் மஞ்சள் தீற்றல் கொஞ்சம் தங்கியது. அது இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இறங்கி, பெயர் எழுதுகிறவரிடம் சொன்னேன்.

“எழுதுங்க. அ-ழ-க-ம்-மா-ள். எழுத்து பெருசா இருக்கட்டும்.”

அவர் செக்ரட்டரியைப் பார்த்தார். செக்ரட்டரி பலகையைப் பார்த்தார். தம் பெயர் இறங்கி வந்த ஏணிப்படிகளையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு, “எழுதுப்பா,” என்றார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மறுவருடப் போட்டியில் கமலா அம்மாள் வீட்டிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

பலகையில் என் பெயர் ஏறிய அன்று, நாங்கள் வெளியே வரும்போது செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். குரலில் பழைய கண்ணியம் திரும்பியிருந்தது.

“அந்தக் கைக்குட்டை என்னோடதும்மா. தொவைச்சுக் குடுத்து விடுங்க.”

“சரிங்க ஐயா,” என்றேன்.

மஞ்சள் கறையோடு என் பீரோவில் இருக்கிறது. துவைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.